விக்கர்ஸ்-பெர்த்தியே இலகுரக இயந்திரத் துப்பாக்கி

பிரெஞ்சுக்காரரான ஆந்த்ரே பெர்த்தியே வடிவமைத்து, 1925இல் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் உரிமம் வாங்கிய துப்பாக்கி. பிரிட்டிஷ் இந்தியப் படை 1930களின் தொடக்கத்தில் இதை ஏற்றது. வங்காளத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் உற்பத்தியானது.

தோட்டாவின் வெடிப்பில் எழும் வாயுவின் ஒரு பகுதி பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ள, அடுத்த .303 அங்குலத் தோட்டா அறைக்குள் ஏறும். 30 தோட்டாக்கள் கொள்ளும் வளைந்த பெட்டி மேற்புறத்தில் நிற்கும். சூடேறிய குழலைக் களத்திலேயே மாற்றலாம். எடை ஏறத்தாழ 11 கிலோ.

மேலே வளைந்த பெட்டி நிற்கும் இந்தத் தோற்றமே இதற்கு வினையானது: பழைய படங்களில் இதைப் பலரும் பிரென் என்ற மற்றோர் இலகுரக இயந்திரத் துப்பாக்கி என்றே எண்ணிவிடுகிறார்கள். பிரிட்டன் தன் படைக்குத் தேர்ந்தெடுத்ததும் செக் நாட்டு வடிவத்திலிருந்து பிறந்த அந்தப் பிரெனைத்தான். பெர்த்தியேயின் வடிவத்திலிருந்து உருவான விக்கர்ஸ் கே என்ற இயந்திரத் துப்பாக்கி, விமானங்களில் ஏறியது. பின்னர் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் சிறப்புப் படையினரின் ஜீப்புகளிலும் பொருத்தப்பட்டது.