2003 ஜூலையும் வாத்தியார் மனசும்

கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ஆசிரியர்களின் மனநலம் பற்றி இப்போது பயிற்சி வகுப்பு, காணொளி என்று நிறைய வருகிறது. மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், நன்றாகத் தூங்குங்கள் என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் தமிழ்நாட்டில் வாத்தியார்கள் மொத்தமாக மனசு உடைந்துபோன ஒரு மாதம் உண்டு. உங்களில் சிலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள்.

ஓய்வூதியப் பலன்களிலும், ஈட்டிய விடுப்பைச் சரண் செய்து பணம் பெறும் சலுகையிலும் அன்றைய அரசு கை வைத்தது. அதை எதிர்த்து 2003 ஜூலை 2 முதல் அரசு ஊழியர், ஆசிரியர் சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்குமே வருவாயின் பெரும்பகுதி போய்விடுகிறது, கஜானா தாங்காது என்பது அரசின் வாதம். அதையும் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் எடுத்த நடவடிக்கை? 2002ஆம் ஆண்டு எஸ்மா சட்டத்தை ஜூலை 4 அன்று ஓர் அவசரச் சட்டத்தால் திருத்தினார்கள். விசாரணையே இல்லாமல் சுமார் 1,70,000 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

நம்ம ஆரணியில் இதன் அர்த்தம் எல்லோருக்கும் புரியும். பாவு தீர்ந்து, முதலாளி அடுத்த பாவு தராமல் தறி சும்மா நிற்கிற வீட்டில் எப்படி இருக்கும் என்று நெசவாளி வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பெரியவர்கள்தான், "எப்படியாவது படிச்சு ஒரு வாத்தியார் வேலைக்குப் போயிடு, மாசம் பொறந்தா சம்பளம்" என்று பிள்ளைகளுக்குச் சொன்னவர்கள். அந்த நம்பிக்கை ஒரே உத்தரவில் ஆடிப்போனது. கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கக் கடன், வீட்டுக் கடன், பெண் கல்யாணத்துக்கு வாங்கியது எல்லாம் அப்படியே நின்றன.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. பெரும்பாலானவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள அரசு ஒப்புக்கொண்டது, ஆனால் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்க வேண்டும். வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் 1973 நடத்தை விதிகளின் 22ஆம் விதிக்குக் கட்டுப்படுவதாக உறுதியும் எழுதித் தர வேண்டும். ஆகஸ்ட் 6 தீர்ப்பில் நீதிபதிகள் எம்.பி. ஷா, ஏ.ஆர். லட்சுமணன் அமர்வு, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்டப்படியும் உரிமை இல்லை, தார்மீகப்படியும் இல்லை என்றது. மீதமிருந்த 6,072 பேரின் முறையீட்டைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் மூவர்.

என்னைக் கேட்டால், சம்பளம் நின்றதைவிட அந்த மன்னிப்புக் கடிதம்தான் ஆழமாகக் குத்தியது. இருபது வருடம் பிள்ளைகளிடம் "இனிமேல் செய்ய மாட்டேன்" என்று எழுதி வாங்கிய கை அது. அதே வாசகத்தைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் எட்டாம் வகுப்பு முன்னால் போய் நிற்க வேண்டும். (பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். பேப்பரில் வந்ததே!) திரும்பி வந்தவர்கள் பாடம் நடத்தினார்கள். ஆசிரியர் அறையில் அரட்டை மட்டும் குறைந்துபோனது. யாரும் யாரிடமும் "எப்படி இருக்கீங்க சார்" என்று கேட்கவில்லை. கேட்டால் அழுகை வந்துவிடுமோ என்ற பயம். அன்று அதற்கு மனநலம் என்று பெயரும் இல்லை, போய்ப் பேச ஓர் இடமும் இல்லை. சர்க்கரை, பி.பி. என்று சொல்லி மாத்திரை போட்டுக்கொண்டார்கள்.

2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பிறகு அதே அரசு தண்டனைகளை ரத்து செய்தது. ஆனால் அந்தக் காலத்தில் புதிதாக வந்த ஆசிரியர்கள் தொகுப்பூதியத்தில்தான் சேர்ந்தார்கள். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 3,000 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 4,000. காலமுறை ஊதியம் 2006 ஜூன் 1 முதல்தான். 2003 ஏப்ரல் 1க்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியமும் இல்லை. பக்கத்து பக்கத்து வகுப்பில் நிற்கிற இருவரில் ஒருவருக்கு வயோதிகக் கவலை இல்லை, மற்றவருக்கு உண்டு. இந்த மனக்கசப்புக்கு எந்த மூச்சுப் பயிற்சி?

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. 2022 முதல் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் மனநல ஆலோசனை கிடைக்கிறது, கட்டணம் கிடையாது. என் மாணவர்களில் இன்று ஆசிரியராக இருப்பவர்கள் செல்போனில் பதிந்து வையுங்கள். ஓய்வு பெற்றவர்களும் கூப்பிடலாம்.