பேரும் அரைப்பேரும்

என் அக்காவுக்கு இது ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்த மறுநாளே வீட்டில் பேர் வேட்டை ஆரம்பமாகிவிட்டது. ஆணா பெண்ணா என்று தெரியாது, முன்கூட்டித் தெரிந்துகொள்வதும் சட்டப்படி குற்றம். ஆகவே நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் ஆண் பேர், அந்தப் பக்கம் பெண் பேர். மாமாவுக்குத் தூய தமிழ்ப் பேர் வேண்டும். அவருடைய அம்மாவுக்கு நட்சத்திர எழுத்தில் ஆரம்பிக்க வேண்டும். அக்காவுக்கு இரண்டெழுத்தில், கூப்பிட வாகாக இருக்க வேண்டும். ஒரு சித்தி எண்கணிதப் புத்தகத்தோடு வந்துவிட்டார்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி ஒன்றுதான் சொன்னாள்: "பேரு என்ன வேணா வைங்க. ஆனா எல்லாக் காயிதத்துலயும் ஒரே மாதிரி எழுதுங்க."

எல்லோரும் சிரித்தோம். பாட்டி சிரிக்கவில்லை. அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

பேர் வைக்கும் உரிமை யாருக்கு?

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். நாம் தினமும் சொல்லும் 'பேரன்' என்ற சொல் 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். தலைமகனுக்குத் தாத்தா பேரையும் மகளுக்குப் பாட்டி பேரையும் வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் அவ்வளவு ஆழமானது. உறவுக்கே அதுதான் பேராகிவிட்டது. 'என்ன பேர் வைக்கலாம்' என்று பெற்றோர் உட்கார்ந்து யோசிப்பதெல்லாம் அண்மைக் காலத்துச் சங்கதி. பெரும்பாலான குழந்தைகளுக்குப் பேர் முன்பே முடிவாகியிருந்தது.

நீலகிரியின் பூர்வகுடிகளைப் பாருங்கள். தோடர்களிடம் ஆண் குழந்தைக்குப் பேர் சொல்லும் உரிமை தாய்மாமனுக்கு. 1901-02ல் இங்கே தங்கி ஆராய்ச்சி செய்த டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ், 1906ல் வெளியிட்ட தன் நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். இன்னொன்றும் சொல்கிறார். ஒரு தோடரிடம் "உன் பேர் என்ன?" என்று கேட்டால் அவர் தானே சொல்லத் தயங்குவாராம். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து "நீ சொல்லேன்" என்பாராம். இறந்தவர் பேரையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பேர் என்பது அவர்களுக்கு அவ்வளவு மரியாதைக்குரிய பொருள்.

படகர்களிடம் பெள்ளி, ஜோகி, மாதன், நஞ்சன் என்று தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பேர்கள் உண்டு. ஆளோடு ஊரும் சேர்ந்தே வரும். படகர் சமூகத்தின் பெரும் தலைவர் எச்.பி. ஆரி கவுடரை எடுத்துக்கொள்ளுங்கள். 'எச்' என்பது உபதலை கிராமம் (படகு மொழியில் ஹுப்பதலை). 'பி' என்பது அப்பா பெள்ளி கவுடர். பேரைச் சொன்னாலே எந்த ஹட்டி, யார் மகன் என்று தெரிந்துவிடும்.

ஆக, மலையில் ஏற்கெனவே இருந்தவர்களுக்குப் பேர் என்பது மண்ணோடும் மாமனோடும் சேர்ந்த ஒன்று. அதன் பிறகுதான் காகிதம் வந்தது. ஊட்டியின் பேரே அதற்குச் சாட்சி. 'ஒத்தக்கல் மந்து' என்பார்கள். 1821ல் சென்னைப் பத்திரிகை ஒன்றில் வெளியான கடிதத்தில் இந்த ஊர் முதன்முதலாக 'வோட்டோகிமண்ட்' என்று அச்சானது. பிறகு ஊட்டகமண்ட், ஊட்டி, உதகமண்டலம், உதகை. எழுதுகிறவன் காதில் விழுந்ததே ஊரின் பேர் என்றால், மனிதர்களின் பேர் என்ன பாடுபட்டிருக்கும்!

பேர் கூலியான கதை

சரி, பாட்டியின் கதைக்கு வருவோம். அது நீலகிரியில் தொடங்கவில்லை, கடலுக்கு அப்பால் தொடங்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் முதலில் காப்பித் தோட்டங்கள் வந்தன. இலைநோய் தாக்கிக் காப்பி அழிந்த பிறகு தேயிலை வந்தது. இரண்டுக்கும் கூலிகளாகப் போனவர்கள் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, திருநெல்வேலி பக்கத்து ஏழைச் சனங்கள். ஊரிலிருந்து ஆள் சேர்த்துக் கூட்டிப்போனவன் கங்காணி. துரைக்கு ஆளைத் தெரியாது. யார் எந்தக் கங்காணியின் ஆள், எத்தனை நாள் வேலை, எவ்வளவு கடன் என்பதெல்லாம் ஏட்டில்தான் இருந்தது.

அந்த ஏட்டிலிருந்து ஒரு தனி மொழியே பிறந்தது. தோட்டத்தில் நிரந்தர வேலை கிடைத்தால் 'பேர் பதிஞ்சாச்சு' என்பார்கள். வேலையை விட்டு நிறுத்தினால் 'பேர் வெட்டிட்டாங்க'. ஒரு நாள் முழு வேலைக்கு 'ஒரு பேர்'. துரை சொன்ன அளவுக்குக் கொழுந்து பறிக்கவில்லையென்றால் 'அரைப்பேர்', அதாவது அரை நாள் சம்பளம். இந்தச் சொல் இலங்கை மலையகத்தில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். தாயும் தகப்பனும் குலசாமியை வேண்டிக்கொண்டு வைத்த பேர். அது விடிகாலையில் பெரட்டுக் களத்தில் கூப்பிடப்பட்டு, சாயங்காலம் தராசுக்கு முன்னால் பாதியாகவோ முழுசாகவோ எழுதப்படுகிறது. பக்கத்து ஆள் தன் பேரைச் சொல்லட்டும் என்று ஒதுங்கி நின்ற தோடரையும், பேரைக் கூப்பிட்டதும் ஓடிவந்து நிற்க வேண்டியிருந்த தோட்டத் தொழிலாளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

அந்தக் காலத்துத் தோட்டத்துப் பேர்களைக் கவனித்தால் வாழ்க்கையே தெரியும். முனியாண்டி, கருப்பையா, மாரியாயி, பேச்சாயி போன்றவை விட்டுவந்த ஊரின் சாமிகள். பிச்சைமுத்து, குப்பம்மாள் என்றால் அதற்கு முன் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை என்று அர்த்தம். பிச்சையெடுத்த பிள்ளை, குப்பையில் கிடந்த பிள்ளை என்று சொன்னால் எமன் தொடமாட்டான் என்பது நம்பிக்கை. போதும்பொண்ணு என்றால் அதற்கு விளக்கமே தேவையில்லை.

இதில் சாதியும் உண்டு. ஊரில் ராமசாமி என்று பேர் வைத்தாலும், ஒடுக்கப்பட்ட சாதி என்றால் மேல்சாதிக்காரன் 'ராமா' என்றுதான் கூப்பிடுவான். அதுவும் ஒரு வகை அரைப்பேர்தானே?

பேர் மாற்றிய காலம்

இதை எதிர்த்து எழுந்த இயக்கங்கள் பேரிலேயே கை வைத்தது தற்செயல் அல்ல. வேதாசலம் என்பவர் மறைமலை அடிகள் ஆனார். 1916ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் தனித்தமிழ் இயக்கம் மக்கள் பேர்களையும் மாற்றியது. திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். 1953 மார்ச் 1ல் பிறந்த தன் மகனுக்கு, நான்கு நாள் கழித்து மறைந்த சோவியத் தலைவரின் பேரை வைத்தார் கருணாநிதி. தாத்தா பேர் என்ற விதியை உடைத்து, 'இவன் பேர் நாங்கள் தேர்ந்தெடுத்தது' என்று பெற்றோர் சொல்ல ஆரம்பித்த காலம் அது.

அந்தக் காற்று கடல் தாண்டியும் வீசியது. ஏ. இளஞ்செழியன் தலைமையில் இலங்கை திராவிட முன்னேற்றக் கழகம் மலையகத் தோட்டங்களில் வேலை செய்தது. முனியாண்டியின் மகன் இளங்கோ ஆனான், பேச்சாயியின் பேத்தி தமிழ்ச்செல்வி ஆனாள். ஏட்டை எழுதுகிறவன் மாறவில்லை. ஆனால் அவன் எழுதவேண்டிய பேர் மாறியது. இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

பாட்டன் பேர் தெரியுமா?

ஆனால் அதற்குள் பெரிய இடி விழுந்துவிட்டது. 1948ல் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. நாட்டில் பிறந்தது மட்டும் போதாது, தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தவர்கள் என்று நிரூபிக்க வேண்டும். லயத்து அறையில் பிறந்து வளர்ந்தவர்கள் தாத்தாவின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவார்கள்? பாட்டன் பேரைப் பேரனுக்கு வைத்துத் தலைமுறைகளை நினைவில் வைத்திருந்த சனத்திடம், அந்த நினைவு செல்லாது, காகிதம் கொண்டுவா என்றது அரசு. லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று.

1964 அக்டோபர் 30ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974ல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். பேர் என்றால் இப்போது தலை எண்ணிக்கை!

வந்தவர்களில் ஒரு பகுதியினருக்காகவே நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் 1968ல் வனத்துறை மூலம் தொடங்கியது. 1976ல் அது டேன்டீ என்ற அரசு நிறுவனமானது. தலைமையகம் குன்னூர். கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று காட்டைத் திருத்திச் செடி நட்டவர்கள் இவர்கள்தான்.

என் பாட்டி 1974ல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, பந்தலூர் பக்கம் வந்து சேர்ந்தாள். அவள் பேர் லெட்சுமி. இலங்கையில் இந்தப் பேரை ஆங்கிலத்தில் எழுதும்போது எல், ஈ, டி, சி, எச் என்று காதில் விழுகிறபடி எழுதுவார்கள். கையோடு கொண்டுவந்த குடும்ப அட்டையில் அப்படித்தான். இங்கே வந்ததும் ரேஷன் அட்டையில் யாரோ லட்சுமி என்று 'திருத்தி' எழுதினார்கள். ஆங்கிலத்தில் எல், ஏ, கே, எஸ், எச் ஆயிற்று. வேலைப் பதிவேட்டில் மூன்றாவதாக ஒன்று. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது ஓர் அலுவலகத்தில் கேட்டார்களாம், "இந்த மூணு பேர்ல நீ யாரு?"

மூன்றும் தானே என்று நிரூபிக்கப் பாட்டிக்கு இரண்டு வருடம் ஆனது. பணம் கைக்கு வருவதற்குள் தாத்தா இறந்துவிட்டார்.

என் அப்பா பிறந்தது 1977ல், எம்.ஜி.ஆர். முதலமைச்சரான வருடம். நாவலப்பிட்டியில் பிறந்த ஒருவர் தமிழ்நாட்டை ஆள்கிறார் என்று தாத்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவுக்கு ராமச்சந்திரன் என்று வைத்தார். ஊரில் 'சிலோன்காரன் மகன்' என்றுதான் கூப்பிட்டார்கள் என்பது வேறு கதை.

இன்றைய நோட்டு

காலம் மாறியிருக்கிறது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ல் இலங்கை தனிச் சட்டம் போட்டுக் குடியுரிமை தந்தது. இங்கே 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பேர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம், ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பேரைச் சேர்க்கலாம். அதன் பிறகும் 15 வயது வரை கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனால் 2023ல் வந்த திருத்தத்தின்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். ஏட்டின் இடத்தில் கணினி, அவ்வளவுதான். ஓர் எழுத்து தவறினால் என்ன ஆகும் என்று பாட்டிக்குத் தெரிந்த அளவுக்கு அந்த எண்கணிதப் புத்தகத்துக்குத் தெரியாது.

பேர் வைப்பது அழகு பார்க்கிற காரியம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இந்த மலையில் அது அதைவிடப் பெரிது. மூன்று தலைமுறைக்கு முன் எங்கள் பேரைக் கங்காணி சொன்னான், கணக்கப்பிள்ளை எழுதினான், துரை பாதியாக்கினான், அரசாங்கம் எண்ணிப் பங்கிட்டது. இன்று நாங்களே உட்கார்ந்து சண்டை போட்டு, அடித்து அடித்து எழுதி ஒரு பேரைத் தேடுகிறோம். அந்தச் சண்டையே ஒரு சம்பாத்தியம்தான்.

இந்தக் கதையெல்லாம் கேட்ட பிறகு அக்கா நோட்டை மறுபடி எடுத்தாள். ஒவ்வொரு பேரையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பார்க்கிறாள். இரண்டு விதமாக எழுத வாய்ப்புள்ள பேரெல்லாம் அடிபட்டுப் போகிறது. பெண் பேர் வரிசையில் கடைசியாக 'லெட்சுமி' என்று புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறாள். பாட்டி பார்த்துவிட்டு, "ஐயோ, அது வேண்டாம்மா, புள்ள அலையும்" என்றாள்.

அக்கா இன்னும் அதை அடிக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள் நண்பர்களே, உங்கள் பேரை யார் வைத்தார்கள், முதன்முதலில் எந்தக் காகிதத்தில் யார் எழுதினார்கள் என்று. பாடப்புத்தகத்தில் இல்லாத சரித்திரம் அதில் நிறையவே இருக்கும்.