மலைபடுகடாம் முதல் மிதிவண்டி வரை: தமிழக மலைவழிகள்

தமிழில் 'ஆறு' என்னும் சொல் நீரோட்டத்தைக் குறிப்பதோடு வழியையும் குறிக்கும். பரிசில் பெற்று மீள்வோர், வறுமையோடு எதிர்வருவோர்க்கு வள்ளல் வாழும் ஊருக்குச் செல்லும் வழியைக் கூறுவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் சரிபாதியாகிய ஐந்து நூல்கள் இவ்வகையின. தான் கண்ட வழியைப் பின்வருவோர்க்குச் சொல்லுதல் ஒரு கடமை என்று கருதிய சமுதாயத்தில்தான் இத்தகைய இலக்கிய வகை தோன்றியிருக்க முடியும்.

கரையான்சாவடியில் வாழ்வோர்க்கு இச்செய்தி அயலானதன்று. சாவடி என்பது வழிச்செல்வோர் தங்கி இளைப்பாறும் இடம். அடுத்துள்ள குமணன்சாவடியின் பெயரோ முதிரமலைத் தலைவனாகிய வள்ளல் குமணனை நினைவூட்டுகிறது. சென்னையிலிருந்து மேற்கே செல்லும் பெருவழி பூந்தமல்லி, திருப்பெரும்புதூர், வாலாசாப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி மலைநாட்டை நோக்கி ஏறுகிறது. பெங்களூர், மைசூர் வழியாக நீலகிரிக்குச் சென்றோரும் இப்பெருவழியிலேயே சென்றனர். அவ்வழியே இன்று பயணத்திற்காகவும் உடற்பயிற்சிக்காகவும் மிதிவண்டியில் மலையேறுவோர் பெருகியுள்ளனர். அவர்கள் ஏறும் சாலைகளின் வரலாற்றை ஆராயுமிடத்து, வழியை வெட்டியவர் பெயர் நின்றதும், வழியை அறிந்தவர் பெயர் மறைந்ததும் தெளிவாகப் புலப்படும்.

மலைவழிக்கு முதல் நூல்

மலைப்பயணத்திற்குத் தமிழில் கிடைக்கும் விரிவான முதல் வழிகாட்டி மலைபடுகடாம். கூத்தராற்றுப்படை என்றும் வழங்கப்பெறும் இந்நூல் 583 அடிகளையுடையது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், செங்கண்மாவிலிருந்து ஆண்ட நன்னன் சேய் நன்னன் மீது பாடியது. செங்கண்மா இன்றைய செங்கம். நன்னனுக்குரிய நவிரமலை, போளூருக்கும் செங்கத்திற்கும் இடையே உயர்ந்து நிற்கும் பருவதமலை என்பர். உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889ஆம் ஆண்டில் அச்சேற்றியபின் இந்நூல் மீண்டும் தமிழர் கைக்கு வந்தது.

இந்நூலுள் மலையழகைப் பாடும் பகுதிகள் பல. எனினும், அதன் தனிச்சிறப்பு வழியின் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துரைப்பதில் உள்ளது. பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் இருக்கும். ஆதலின் பொழுது விடிந்தபின் செல்லுங்கள் என்கிறது. புனங்காப்போர் யானையை விரட்டக் கவணில் எறியும் கற்கள் வந்து விழும்; மரங்களின் மறைவில் செல்லுங்கள் என்கிறது. வழுக்கும் இடங்களில் எதைப் பற்றிக்கொண்டு நடப்பது என்றும் சொல்கிறது. வழி தவறினால் இசைக்கருவிகளை இயக்குங்கள், ஓசை கேட்டு மலைவாழ் மக்கள் வந்து உதவுவர் என்று தேறுதல் கூறுகிறது.

இவற்றினும் நுட்பமானது ஓர் அறிவுரை. பல வழிகள் கூடிப் பிரியும் இடத்தை அடைந்தால், அவ்விடத்தைத் துடைத்து, புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்லுங்கள். நிலம் அறியாத புதியோர் பின்னால் வருவர் என்கிறார் புலவர். வறுமையால் ஊர்விட்டு ஊர் செல்லும் கூத்தர், தமக்குப்பின் வரும் முகமறியாதவருக்காக நின்று ஒரு புல்லை முடியவேண்டும். மலைவழியின் அறம் இவ்வொரு செயலில் அடங்கியிருக்கிறது எனலாம்.

வெட்டப்பட்ட சாலைகள்

இந்நூலுக்குப் பன்னூறு ஆண்டுகளுக்குப் பின், பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரியில் வேறொரு வகை வழி தோன்றியது. கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலைமேல் ஏறினார். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கமுள்ள திம்பட்டிக்கு மக்பர்சன் என்னும் படைத்துறையாளர் மேற்பார்வையில் அமைந்த பாதை 1823இல் முடிவுற்றது. ஆளுநர் லஷிங்டன் காலத்தில், 1830 முதல் 1832 வரை, லெஹார்டி என்பவர் பொறுப்பில் குன்னூர் மலைப்பாதை திறக்கப்பட்டது. அது வண்டிகளுக்கு மிகச் செங்குத்தாயிருந்தமையின், பின்னர்க் கர்னல் லா புதிய தடமொன்றை வகுத்தார். குன்னூர்ச் சாலையருகே உள்ள லாஸ் அருவி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும், 1908இல் உதகைக்கும் மலை இரயில் வந்தது.

ஒவ்வொரு சாலையின் சரிவும் அது எதற்காக வெட்டப்பட்டது என்பதைக் காட்டும். ஆளும் குதிரையும் ஏறுவதற்கான பாதை குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். மாட்டுவண்டியில் தேயிலையும் காப்பியும் இறங்கத் தொடங்கியதும் சரிவு குறைந்து வளைவுகள் பெருகும். தெப்பக்காட்டிலிருந்து உதகைக்கு இன்று இரு வழிகள் உள்ளன. கூடலூர் வழி 67 கி.மீ.; மசினகுடி, கல்லட்டி வழி 36 கி.மீ. தொலைவில் ஏறத்தாழப் பாதியாகிய கல்லட்டி வழி, அம்மிச்சத்திற்கு ஈடாக 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டுள்ளது. பேருந்தில் செல்வோர்க்கு இவ்வேறுபாடு நேரக் கணக்கு மட்டுமே. மிதிவண்டியில் செல்வோர்க்கோ அது தொடையிலும் மூச்சிலும் எழுதப்படும் கணக்கு.

இச்சாலைகள் வருமுன் அம்மலைகள் வழியற்றுக் கிடந்தன என்று கருதுதல் பிழை. தோடர், கோத்தர், படகர், இருளர், குறும்பர் ஆகியோர் தம்முள்ளும் சமவெளியோடும் கொடுக்கல் வாங்கல் செய்ததற்குரிய ஒற்றையடிப் பாதைகள் முன்பே இருந்தன. மலையை 'கண்டுபிடித்தவர்' எனப்படுவோர்க்கும் அம்மலையில் வாழ்ந்தோர் வழிகாட்டியாகவும் சுமையாளராகவும் தேவைப்பட்டனர். ஆயினும், அருவிக்கும் சாலைக்கும் பொறியாளரின் பெயர் நின்றது. வழி சொன்னவர், பாறை உடைத்தவர் ஆகியோரின் பெயர் நிற்கவில்லை.

அம்பத்தூரிலிருந்து மலைக்கு

மிதிவண்டியின் கதையில் மேற்குச் சென்னைக்குத் தனியிடம் உண்டு. 1949இல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து முருகப்பா குழுமம் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் அமைந்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்னும் பெயர்கள் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள்தோறும் வழங்கலாயின. பால்காரரும் அஞ்சல்காரரும் ஆசிரியரும் ஊர்ந்த அவ்வண்டி கனமான இரும்புச்சட்டமும் ஒற்றைப் பற்சக்கரமும் உடையது. அது சமவெளிக்காகப் பிறந்த வண்டி. மலைச்சரிவில் அதனை ஏறி மிதிப்பதினும் இறங்கி உருட்டுவதே எளிது.

மிதிவண்டியை மலையேற்றியது கியர் மாற்றும் கருவி. பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற நெடும்பந்தயமாகிய டூர் டி பிரான்ஸ் 1910இல் பிரனீசு மலைத்தொடரின் டூர்மலே கணவாயை முதன்முதலில் தன் வழியில் சேர்த்தது. ஆனால் சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாண்டச்செய்யும் கருவியை அப்பந்தயம் 1937இல்தான் ஏற்றுக்கொண்டது. எடை குறைந்த சட்டமும் பல கியர்களும் கொண்ட வண்டிகள் நம் நாட்டில் பரவியபின் இங்கும் மலைவழிப் பயணம் வளர்ந்தது. 2008 டிசம்பரில் தொடங்கிய 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' என்னும் பல நாள் மிதிவண்டிப் பயணம் கல்லட்டி ஏற்றத்தைப் பலரும் அறியச் செய்தது. 1904இல் தோன்றிய பாரிசு நகரத்து ஓடாக்ஸ் கழகத்தின் முறைப்படி நடைபெறும் 200, 300, 400, 600 கி.மீ. நெடுவழிப் பயணங்களும் இந்தியாவில் வேரூன்றின. இவற்றில் ஓடுவோர்க்குத் திரும்பும் இடங்களையும் தொலைவுகளையும் குறித்த வழித்தாள் தரப்படும். முன்னே சென்று வழியறிந்தவர் பின்னே வருவோர்க்கு எழுதித்தரும் அத்தாளை இக்காலத்து ஆற்றுப்படை என்றால் மிகையன்று.

மலைச்சாலையில் மிதிவண்டிக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. கொண்டை ஊசி வளைவின் உட்புறம் செங்குத்து. வெளிப்புறம் சற்றே தணிவு. எதிரே வண்டி வராதபோது மட்டும் வெளிப்புறத்தைப் பற்றி ஏறுவர். இறங்கும்போது வளைவுக்கு முன்பே வேகத்தைத் தணிக்கவேண்டும். தொடர்ந்து தடையை அழுத்தினால் சக்கர விளிம்பு சூடேறும். ஏறி வருவோர்க்கு இறங்குவோர் வழிவிடவேண்டும். வழுக்கலையும் கவண்கல்லையும் முன்னறிவித்த பழம்புலவர், இக்குறிப்புகளைக் கண்டிருந்தால் தம் மரபினுடையவை என்றே கொண்டிருப்பார்.

புலவர் பெயர் தாங்கும் வளைவுகள்

சென்னையின் மேற்குப் பகுதியினர்க்கு அண்மையிலுள்ள மலையேற்றங்களுள் ஒன்று ஏலகிரி. வாணியம்பாடிக்கு அப்பால், திருப்பத்தூர்ச் சாலையிலுள்ள பொன்னேரியிலிருந்து ஏறும் அச்சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையின் 70 வளைவுகளோடு ஒப்பிட இது சிறிது. எனினும் தமிழ் அன்பர்க்கு இதற்கொரு தனியுரிமை உண்டு. திருவள்ளுவர், இளங்கோ, கபிலர், ஔவையார், கம்பர், பாரதியார், பாரதிதாசன் எனப் புலவர் பெயர்களும், பாரி, காரி, ஓரி, ஆய், அதியமான், நள்ளி, பேகன் எனக் கடையெழு வள்ளல் பெயர்களும் இவ்வளைவுகளுக்குச் சூட்டப்பெற்றுள்ளன. எழுவரும் மலைக்குரியோர் என்பது நினையத்தக்கது. பாரிக்குப் பறம்பு, ஓரிக்குக் கொல்லி, ஆய்க்குப் பொதியில், அதியமானுக்குக் குதிரைமலை. மூச்சிரைக்க ஒவ்வொரு வளைவையும் கடப்போர் ஓர் இலக்கிய வரலாற்றையும் கடந்து செல்கின்றனர்.

ஏலகிரியினும் காடு அடர்ந்தது சவ்வாது மலைவழி. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம், காவலூர், சமுனாமரத்தூர் வழியாகப் போளூருக்கு இறங்கும் சாலை அது. இரவின் இருளை நாடி 1960களின் இறுதியில் அமைந்த வானாய்வுக்கூடம் காவலூரில் உள்ளது; பின்னர் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் அங்கு நிறுவப்பெற்றது. போளூர்ப் பக்கம் இறங்கினால் பருவதமலை அண்மையது. அதாவது, பூந்தமல்லிப் பெருவழியில் புறப்படும் மிதிவண்டி, சவ்வாது மலையைக் கடந்து, பெருங்கௌசிகனார் கூத்தரை ஆற்றுப்படுத்திய நாட்டிலேயே சென்று நிற்கிறது.

காட்டின் நேரம்

இவ்வழிகளின் இன்றைய சிக்கல் மனிதரோடு மட்டும் முடிவதன்று. பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்தை நிறுத்தும் ஆணை 2009இல் வந்தது. கல்லட்டியின் அடிவாரமாகிய சீகூர்ப் பகுதியின் யானை வழித்தடத்தைக் காக்கும் அரசாணையை உச்சநீதிமன்றம் 2020இல் உறுதிசெய்தது. மனிதர் சாலை வெட்டுவதற்கு முன்பே அங்கு யானைக்கு ஒரு வழி இருந்தது என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்ட தருணம் அது. விடிந்தபின் செல்லுங்கள் என்று கூத்தர்க்குச் சொன்ன அறிவுரை, வேறு காரணத்தோடு, அரசாணையாகத் திரும்பியிருக்கிறது.

மிதிவண்டி புகை கக்குவதில்லை, ஓசையும் எழுப்புவதில்லை. அந்த ஓசையின்மையே காட்டில் இடராகலாம். வளைவின் மறுபுறம் நிற்கும் யானைக்கும் காட்டெருமைக்கும் வருபவரை முன்னறிய வழியில்லை. எனவே நின்று நோக்கிச் செல்லுதலும், விலங்கு கடக்கும்வரை காத்திருத்தலும், எதிரே வருவோர்க்கு எச்சரிக்கை சொல்லுதலும் அவர்தம் கடமையாகின்றன. மெதுவாகச் செல்வோர்க்கு உள்ளூராரின் சொல்லே துணை. நீர் எங்கே கிடைக்கும், காலையில் யானை எந்த வளைவில் நின்றது என்பதைத் தேநீர்க் கடையில் கேட்டறிய வேண்டியிருக்கிறது. வழி தவறியவர் இசைக்க, மலைவாழ் மக்கள் வந்து உதவிய பழைய உறவின் எச்சம் இது.

அவ்வுறவில் இன்னும் எழுதப்படாத ஒரு பகுதி உண்டு. சவ்வாது, ஏலகிரி மலைகளில் வாழும் மலையாளி மக்கள் தம் ஒற்றையடிப் பாதைகளுக்கும் மேடுகளுக்கும் வழி பிரியும் இடங்களுக்கும் வழங்கும் பெயர்கள் முதியோர் நாவில் உள்ளன. தார்ச்சாலையில் வாழ்ந்து பழகும் தலைமுறைக்கு அவை தேவைப்படா. தேவைப்படாத சொல் நிலைப்பதில்லை. வளைவுகளில் வள்ளல் பெயரை எழுதிய தமிழ், அவ்வளைவுகளுக்கு முன்பிருந்த பாதைகளின் பெயர்களையும் எழுதிவைத்தல் வேண்டும். சாவடி என்னும் பெயருடைய ஊரில் பத்தாண்டுகள் கூடிப் பாடியவர்களுக்கு இப்பணி பொருத்தமானது. விடுமுறை நாளில் மிதிவண்டியிலோ பேருந்திலோ மலையேறும் கவிஞர் ஒருவர், அங்குள்ள முதியவரிடம் ஒரு பாதையின் பெயரைக் கேட்டு எழுதி வந்தால், அது பின்வருவோர்க்காக முடிந்துவைத்த ஒரு புல்லாகும்.