மார்க்கரில் எழுதிய சிடியும் நீல அட்டையும்

விதை வாங்கப் போனால் எங்கள் அப்பா முதலில் மூட்டையைப் பார்க்க மாட்டார், அட்டையைத்தான் பார்ப்பார். சான்று விதைக்கு நீல அட்டை, அதற்கு மூலமான ஆதார விதைக்கு வெள்ளை அட்டை. 1922-ல் தொடங்கிய ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகமாகவே இருந்தாலும், கை மாறிக் கை மாறி வந்தால் கலவன் சேர்ந்துவிடும் என்பார். அவருக்குப் பிள்ளையாகப் பிறந்த நான், கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் பதினைந்து வருஷம் அட்டை பார்க்காமலே விதைத்தேன்.

2003-ல் தஞ்சாவூரில் உதிரி பாகங்களைச் சேர்த்துக் கட்டிய முதல் கம்ப்யூட்டர் வாங்கினேன். கூடவே ஒரு வெற்று சிடி தந்தார்கள். மேலே மார்க்கரில் 'எக்ஸ்.பி' என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான் அட்டை! அசல் சிடியில் ஹாலோகிராம் மின்னும் என்பதையே நான் பிற்பாடுதான் அறிந்தேன். எக்ஸ்.பி 2001 அக்டோபர் 25-ல் விற்பனைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பே அதன் திருட்டுப் பிரதி உலகைச் சுற்றிவிட்டது. பெரிய நிறுவனங்களுக்கென்று தயாரித்த ஒரே சாவி எண் அதோடு கசிந்தது. எஃப்.சி.கே.ஜி.டபிள்யூ என்று தொடங்கும் அந்த எண்ணைக் கடைப் பையன்கள் பார்க்காமலே தட்டுவார்கள். மைக்ரோசாஃப்ட் பின்னர் அதைத் தடுத்தது. நாங்கள் வேறு சிடி வாங்கினோம்.

திருட்டு என்று யாரும் நினைக்கவில்லை. அசலின் விலை ஆயிரக்கணக்கில். கடைக்காரர் கேட்டதோ இருநூறு ரூபாய்.

இலவசமாகவே அசல் கிடைத்த வழிகளும் இருந்தன என்பதுதான் வேடிக்கை. உபுண்டு லினக்ஸ்காரர்கள் 2005 முதல் 2011 வரை, கேட்டவர்களுக்கெல்லாம் தபால் செலவுகூட வாங்காமல் அச்சிட்ட சிடியை வீட்டுக்கே அனுப்பினார்கள். நானும் ஒன்று வரவழைத்தேன். வெளிநாட்டுத் தபால் என்று தபால்காரர் கையெழுத்து வாங்காத குறையாக, பத்திரமாகக் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் பிரிக்காமல் பீரோவில் வைத்தேன். சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்ற லினக்ஸை உருவாக்கியது. 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு அதுவும் வந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் மடிக்கணினி வந்த வாரத்திலேயே அதை அழித்துவிட்டு, கடையில் 'ஃபுல் வெர்ஷன்' போட்டுக்கொண்டார்கள்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை சாய்ந்த கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்கு நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. வந்தபோது ஏறி இறங்கி வந்தது. என் மடிக்கணினி திறக்கவே மறுத்துவிட்டது. ஓய்வூதியக்காரனுக்கு நவம்பர் என்றால் உயிர்வாழ் சான்று மாதம். அவசரத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். ஐந்நூறு ரூபாயில் புது விண்டோஸ். 'ஆன்டிவைரஸை மட்டும் ஆன் பண்ணாதீங்க சார், கிராக் போயிடும்' என்றார் பையன். காவல்காரனை வீட்டுக்கு அனுப்பினால்தான் கதவு திறக்கும் என்கிறார், நானும் தலையாட்டினேன்! அந்தக் கம்ப்யூட்டரில்தான் வங்கிக் கணக்கைத் திறந்தேன். பத்தே நாளில் கேட்காத விளம்பரங்கள் திரையில் முளைத்தன. புகைப்படங்கள் இருந்த பகுதியையும் அவர் சேர்த்தே அழித்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. மனைவியின் அறுபதாம் கல்யாணப் படங்களில் மிஞ்சியவை, மைத்துனர் வைத்திருந்த பதினோரு படங்கள்.

அண்ணன் பேரன் தஞ்சாவூரில் படிக்கிறான். அவன் மடிக்கணினியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். 'தாத்தா, இது விண்டோஸோட வந்த மிஷின். சாவி போர்டுலயே இருக்கு. நீங்க ஏற்கெனவே காசு கொடுத்துட்டீங்க.' மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே கோப்பை இறக்கி, எட்டு ஜிபி பென்டிரைவில் ஏற்றினான். எண் எதுவும் கேட்கவில்லை. செலவு பென்டிரைவுக்கு மட்டும். கடையில் நான் கொடுத்த ஐந்நூறு, என்னிடம் இருந்த அசலை எடுத்துவிட்டுப் போலியைப் போட்ட கூலி. வங்கிக் கடவுச்சொல்லை அன்றே மாற்றினோம்.

சொந்தத் தளமென்றாலும் முழுக்க நம்பிவிட முடியாது. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள்ளேயே புகுந்து, இறக்கும் இணைப்பை விஷமக் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். அதற்காகத்தான் கோப்புக்கும் ஒரு குவியல் எண் உண்டு. எஸ்.ஹெச்.ஏ-256 என்பார்கள், அறுபத்து நான்கு எழுத்து. கோப்பில் ஓர் இம்மி மாறினாலும் எண் அடியோடு மாறிவிடும்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவும் முடிந்தது. என் பழைய மிஷின் 11-க்குத் தகுதியில்லையாம். போன வாரம் உபுண்டு இறக்கினோம். பேரன் திரையில் வாசிக்க, நான் கண்ணாடி போட்டுக்கொண்டு தாளில் ஒவ்வொரு எழுத்தாக டிக் அடித்தேன். நாற்பதாவது எழுத்தில் ஒரு தரம் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.