கடலோர மக்களும் வீட்டுக் கையிருப்பும்

1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு ஒன்பதரை மணியளவில், சென்னைத் துறைமுகத்திற்கு எதிரே இருளில் வந்து நின்ற 'எம்டன்' என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் கரையை நோக்கிச் சுடத் தொடங்கியது. கப்டன் கார்ல் வான் முல்லர் தலைமையில் வந்த அக்கப்பல் ஏறத்தாழ 130 குண்டுகளைச் சுட்டது. துறைமுகத்தை அடுத்திருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. சுமார் மூன்றரை இலட்சம் காலன் மண்ணெண்ணெய் அன்று சாம்பலானது என்பர். அரை மணி நேரத்திற்குள் கப்பல் வந்த வழியே மறைந்துவிட்டது. கெட்டிக்காரனையும் பொல்லாதவனையும் 'பெரிய எம்டன்' என்று நம் தெருக்களில் சொல்லும் வழக்கு அந்த இரவு விட்டுச் சென்றதாகும்.

கப்பலின் கதையை எல்லோரும் சொல்வர். மறுநாள் காலையில் வீடுகளுக்குள் என்ன நடந்தது என்பதைச் சொல்வோர் குறைவு. எரிந்தது அரசாங்கத்தின் எண்ணெய் அன்று. சாதாரண மக்களின் விளக்கெண்ணெய். மின்சாரம் ஒரு சில தெருக்களையும் செல்வந்தர் இல்லங்களையும் மட்டுமே எட்டியிருந்த காலம் அது. அடுத்து வந்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் இரயிலிலும் வண்டியிலும் கால்நடையாகவும் நகரைவிட்டு வெளியேறினர். எம்டன் திரும்பி வரவேயில்லை. அதே ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் கொக்கோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பலான 'சிட்னி' அதனை வீழ்த்தியது. ஆயினும் மக்களின் அச்சம் அரை மணி நேரத்தில் அடங்கவில்லை.

குண்டுக்கு அஞ்சி ஓடினார்கள் என்று மட்டும் இதனைக் கொள்ளலாகாது என்பது என் கருத்து. அன்றன்றைக்கு உழைத்து அன்றன்றைக்கு அரிசி வாங்கும் குடும்பத்திற்குக் கடை இரண்டு நாள் அடைபட்டால் அதுவே பஞ்சம். ஊரில் சொந்த நிலமும் நெற்குதிரும் உடையவர் ஊருக்குப் போனார். துறைமுகக் கூலியாளும் மீனவரும் போவதற்கு ஊர் இல்லாமலும், இருப்பதற்கு அரிசி இல்லாமலும் நின்றிருப்பர் என்று எண்ணுவதில் தவறில்லை.

இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் இதே காட்சி பெரிய அளவில் மீண்டும் அரங்கேறியது. 1942 மார்ச் 8-ஆம் நாள் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. ஏப்ரல் 5-ஆம் நாள் கொழும்பின் மீதும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய ஊர்களின் மீதும் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று எல்லோரும் நம்பினர். அத்தியாவசியப் பணியில் இல்லாதோர் நகரைவிட்டு வெளியேறலாம் என்று அரசே அறிவுறுத்தியது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. உயர்நீதிமன்றம் கோயம்புத்தூர் சென்றது. மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. நகரத்து வீடுகள் அற்ப விலைக்குக் கைமாறியதை முதியவர்கள் சொல்ல நாமே கேட்டிருக்கிறோம். ஜப்பானியப் படையோ வரவில்லை. 1943 அக்டோபரில் ஒரேயொரு விமானம் வந்து துறைமுகப் பகுதியில் சில குண்டுகளை எறிந்து சென்றதோடு சரி.

குண்டு வரவில்லையே தவிர, உண்மையான இடர் வேறு வழியாக ஏற்கெனவே வீட்டிற்குள் நுழைந்துவிட்டிருந்தது. அது பர்மா அரிசியின் நிறுத்தம். சென்னை மாகாணத்தின் உணவுக் குறையைப் பல்லாண்டுகளாக ஈடு செய்து வந்தது கடல் கடந்து வந்த அந்த அரிசியே. ரங்கூன் வீழ்ந்ததும் அந்த வரத்து நின்றது. 1943-இல் சென்னை நகரில் ரேஷன் முறை வந்தது. அரிசிச் சோறே உணவு என்றிருந்த வீடுகள் கோதுமையையும் கேழ்வரகையும் சமைக்கக் கற்றுக்கொண்டன. அக்கட்டுப்பாட்டை 1952 ஜூனில் இராஜாஜி அரசு நீக்கும்வரை, ஏறத்தாழ ஒரு தலைமுறைப் பெண்கள் அளந்து போட்டுப் பொங்கியே குடும்பம் நடத்தினர். உலையில் போடும் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் இடும் வழக்கம் நம் பாட்டிமார் பலரிடம் கடைசிவரை இருந்ததே, அதனைக் கஞ்சத்தனம் என்று சிறுவயதில் நகைத்தவருள் நானும் ஒருவன்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். தன் வீட்டார் உண்பதற்கு ஓரிரு வாரத்திற்கு வைத்திருப்பது கையிருப்பு. பிறர் பசித்திருக்க, விலையேற்றத்திற்காகப் பூட்டி வைப்பது பதுக்கல். பதுக்கல் மார்க்கத்தில் கண்டிக்கப்பட்டது என்பதை ஜமாஅத்தார் அறிவர். போர்க்காலச் சட்டமும் அதனைத்தான் தண்டித்தது. இடர் வந்தபின் கடைக்கு ஓடிப் பத்துக் கிலோவை அள்ளிவருவதும் ஏறக்குறைய இரண்டாம் வகையையே சேரும். ஏனெனில் அந்நேரத்தில் கடையில் இருப்பது அனைவருக்கும் உரிய கடைசி மூட்டை. இடர் வருமுன் மாதந்தோறும் சிறிது சிறிதாகச் சேர்ப்பவரால் யாருக்கும் தட்டுப்பாடு நேர்வதில்லை.

பர்மாவைப் பற்றி இன்னுமொரு செய்தி. 1942-இல் இலட்சக்கணக்கான இந்தியர்கள் காடு மலை கடந்து நடந்தே தாயகம் சேர்ந்தனர். பின்னர் 1964-இல் அந்நாட்டு இராணுவ அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியபோது மேலும் பலர் கப்பலில் சென்னை வந்து இறங்கினர். தமிழ் முஸ்லிம் வணிகக் குடும்பங்களும் அவர்களுள் அடக்கம். பணமோ நகையோ கொண்டுவர முடியாதபடி கெடுபிடி இருந்தது. அவர்களுட் பலர் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியேறினர். கடற்கரைச் சாலையின் பர்மா பஜாரும், நாம் விரும்பி உண்ணும் அத்தோவும் அவர்கள் வழிவந்தவையே. அத்தகையோர்க்குக் கையில் எஞ்சிய காகிதங்களே அடையாளம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் குடும்ப அட்டை, பள்ளிச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம் ஆகியவை நனைந்து அழிந்தபோது, மாற்று ஆவணம் வழங்க அரசு தனி முகாம்களே நடத்த வேண்டியதாயிற்று. அரிசியை மீண்டும் வாங்கிவிடலாம். பத்திரத்தை அவ்வாறு வாங்க இயலாது.

நீரின் கதை இதனினும் பழையது. 1772-இல் கோட்டைக்கு நீர் வழங்குவதற்காக அமைக்கப்பட்ட ஏழுகிணறு நமக்கு அடுத்த பகுதிதான். 1872-இல் செங்குன்றத்து ஏரி நீர் நகருக்கு வந்தது. எம்டன் வந்த அதே 1914-இன் டிசம்பரில் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் திறக்கப்பட்டது. குழாய் வந்ததும் கிணறுகள் மறக்கப்பட்டன, பல தூர்க்கப்பட்டன. வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் அளவின்றி நிலத்தடி நீரை இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்தது தனிக்கதை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. ஜூலை 12-ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 இலட்சம் லிட்டர் குடிநீரைச் சுமந்துகொண்டு முதல் இரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அவ்வாண்டு முழுவதும் லாரிக்காகக் குடம் வரிசையில் வைத்துக் காத்திருந்த பெண்களுக்கு நீரின் கணக்கை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஓர் ஆளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு நான்கைந்து லிட்டர் என்றால், ஐவர் கொண்ட குடும்பத்திற்கு மூன்று நாளைக்கு ஐந்து குடம். மூடியிட்டு, உயரத்தில்.

உயரத்தில் என்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கரையோரமாகவே வடக்கு நோக்கி நகர்ந்து, 5-ஆம் நாள் ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரை கடந்தது. அதற்குள் வடசென்னையின் தாழ்ந்த தெருக்களில் இடுப்பளவு நீர். எண்ணூர்க் கழிமுகத்திலும் சுற்றுப்புறக் குடியிருப்புகளிலும் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து வந்து, படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் படிந்தது. அரிசி சேர்த்து வைத்திருந்தோரும் அதனைத் தரையில் வைத்திருந்தமையால் இழந்தனர். நகரெங்கும் பாலுக்கு வரிசை நின்றது. பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டாரை நம்பிய அடுக்ககங்களில் நீரும் நின்றது. வாசலில் அடிபம்பு இருந்த பழைய வீடுகளுக்கு மின்சாரம் ஒரு பொருட்டன்று. ஆனால் வெள்ளத்தில் சாக்கடை கலந்தபின் அந்த நீரையும் கொதிக்கவைக்காமல் குடிக்கக்கூடாது.

2016 டிசம்பர் 12-ஆம் நாள் வந்த வர்தா புயல் இன்னொன்றைக் காட்டியது. பெரிய நோட்டுகள் செல்லாது என்று நவம்பர் 8-ஆம் நாள் அறிவிக்கப்பட்டு ஒரு மாதமே ஆகியிருந்தது. கையில் ரொக்கம் இல்லை. மின்கம்பங்கள் சாய்ந்ததால் ஏ.டி.எம்.மும் அட்டை இயந்திரமும் இயங்கவில்லை. வங்கியில் பணம் உடையவரும் மெழுகுவத்தி வாங்கக் கடன் சொன்னார். கைப்பேசியிலேயே காசு செலுத்தும் இந்நாளில், பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகச் சிறு தொகையை வீட்டில் வைத்திருப்பது பழமைவாதம் ஆகாது.

இவ்வகையில் நம் பகுதி மீனவர்களே நமக்கு ஆசான்கள். 2001 முதல் ஆண்டுதோறும் ஏப்ரல் 15-ஆம் நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. முதலில் 45 நாட்களாக இருந்தது 2017-இல் 61 நாட்களாயிற்று. வருமானம் நிற்கும் நாள் முன்னரே தெரிவதால், கருவாடும் புளியும் காய்ந்த மிளகாயும் அதற்குமுன் வீடு சேர்கின்றன. ஆயினும் 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எந்த முன்னறிவிப்புமின்றி வந்தது. காசிமேட்டில் படகுகள் ஒன்றோடொன்று மோதி நொறுங்கின. அதன் பின்னர் கடல் அமைதியடைந்த போதும், வீண் அச்சத்தால் மக்கள் மீன் உண்ண மறுத்தமையால் பிழைப்பு நின்றுபோயிற்று. தடைக்காலத்திற்குத் தயாராகும் வீடு, அவ்வாறான நாளுக்கும் ஓரளவு தாங்கும்.

பத்துக்குப் பத்து அறையில் ஆறுபேர் வாழும் இல்லத்தில் ஐந்து குடத்தையும் அரிசி மூட்டையையும் எங்கே வைப்பது என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்கு விடை தனி வீட்டில் இல்லை. 2015 வெள்ளத்தின்போது சென்னையின் பள்ளிவாசல்கள் பல, சாதி மத வேறுபாடின்றி மக்களைத் தங்கவைத்து உணவளித்தன. நோன்புக் கஞ்சிக்கென நம்மிடம் உள்ள பெரிய தேக்சாக்கள் ரமளான் தவிர்ந்த பதினொரு மாதங்கள் பெரும்பாலும் கவிழ்த்தே கிடக்கின்றன. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்குமுன் பள்ளியின் மாடியறையில் நான்கு மூட்டை அரிசி, பருப்பு, இரண்டு எரிவாயு உருளைகள், மூடியுள்ள நீர்த்தொட்டி ஒன்று, அத்துடன் நம் தெருக்களில் தனித்து வாழும் முதியோர், நடக்க இயலாதோர், கைக்குழந்தை உடையோர் ஆகியோரின் வீட்டு எண்கள் எழுதிய ஒரு நோட்டு ஆகியவற்றை ஆயத்தம் செய்யலாம். மழை பொய்த்தால் அந்த அரிசி வரும் ரமளானில் கஞ்சியாகும். இதனை அடுத்த பொதுக்குழுவில் ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்.