துணி உலர்த்தும் இயந்திரமும் ஃபாரடேயும்

1833இல் மைக்கேல் ஃபாரடே வெள்ளி சல்ஃபைடைச் சூடாக்கியபோது ஒரு விந்தையைக் கண்டார். உலோகம் சூடானால் மின்தடை கூடும், இதிலோ குறைந்தது! இந்தக் குணமுள்ள தெர்மிஸ்டர் விற்பனைக்கு வர மேலும் நூறு வருடங்கள் பிடித்தன.

இன்று பல துணி உலர்த்தும் இயந்திரங்களில் வெப்பத்தை அளப்பது அதுதான். அதன் கம்பி அறுந்தால் தடை எக்கச்சக்கமாக ஏறிவிடும். இயந்திரத்தின் கணக்கில் அதற்கு அர்த்தம், உள்ளே கடுங்குளிர்! அதை நம்பிச் சூடேற்றிக்கொண்டே போனால் துணி தீப்பிடிக்கும். அதனால்தான் தனியாக ஒரு வெப்ப ஃபியூஸும் வைக்கிறார்கள்.

பழுது பார்ப்பவர் மின் இணைப்பைத் துண்டித்து, சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டரில் இணைத்து, உள்ளங்கையில் பொத்திப் பிடிப்பார். ஓம் அளவு சீராக இறங்கினால் பெரும்பாலும் சென்சார் மேல் தப்பில்லை (ஃபாரடே கண்டதும் இதுதானே!). அடுத்து, பஞ்சு அடைத்த காற்றுக்குழாயைப் பார்க்க வேண்டியதுதான்.