விசா இல்லாத பிரான்ஸ்: இரண்டு நாள் பாண்டிப் பயணத்துக்கு ஒரு வரலாற்றுக் குறிப்பு

ரெண்டு நாள் பாண்டி போறோம், எதைப் பாக்கணும், எதைச் சாப்பிடணும்னு தாம்பரம், சேலையூர் பக்கத்து நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் கையில் ஏற்கெனவே ஒரு திட்டம் இருக்கும். ஒயிட் டவுனில் மஞ்சள் சுவர் முன்னால் போட்டோ, கடற்கரைச் சாலையில் ஒரு நடை, ஒரு குரோசான், ஞாயிறு ராத்திரி திரும்பக் கிளாம்பாக்கம். தப்பே இல்லை. ஆனால் நாம் பார்க்கப் போகும் அந்த ‘பிரெஞ்சு ஊர்’ எந்த அளவுக்குப் பிரெஞ்சு என்று தெரிந்துகொண்டு போனால், அதே இரண்டு நாளில் இன்னும் நிறைய கண்ணில் படும்.

முதலில் தெருக்கள். கட்டம் போட்ட மாதிரி நேர்கோட்டில் ஓடும் இந்தத் தெருக்களைப் பிரெஞ்சுக்காரர்களின் அழகுணர்ச்சி என்று சொல்லிவிடுகிறோம். 1674-இல் பிரான்சுவா மார்த்தேன் இங்கே கால் ஊன்றினார், சரி. 1693-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து, 1699 வரை வைத்திருந்தார்கள். அவர்கள் 1694-இல் வரைந்த நகர வரைபடங்களை ஆராய்ந்த ழான் தெலோஷ், இந்தக் கட்டத் தெருக்களின் மூலம் டச்சுத் திட்டம்தான் என்று காட்டினார். திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் அதன்மேல்தான் ஊரை வளர்த்தார்கள்.

அடுத்து கட்டடங்கள். இந்தக் கதை நம்ம ஏரியாவிலும் நடந்தது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தார். அந்த வருடக் கடைசியில் சென்னையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரியில் பரங்கிமலையில் பெரிய சண்டை. ஆங்கிலேயர் பக்கம் நின்றவர்களில் ஒருவர், மருதநாயகம் என்று நாம் அறிந்த யூசுப் கான். லாலி தோற்றுப் பின்வாங்கினார். 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி விழுந்தது. ஆங்கிலேயர்கள் பழிக்குப் பழியாகக் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். 1765-இல் ஊர் திரும்பக் கிடைத்த பிறகுதான் மறுபடி கட்டும் வேலை தொடங்கியது. ஆக, நாம் போட்டோ எடுக்கும் ஒயிட் டவுன் அந்த அழிவுக்குப் பிறகு எழுந்தது.

அதனால் என் யோசனை, முதல் நாள் காலையில் பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே போய்விடுங்கள். ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு இருக்கிறது. 1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, பாண்டியில் ஆளுநர் டூப்ளேவின் துபாஷி ஆனவர். 1736-இலிருந்து நாட்குறிப்பு எழுதினார். ஊர் விழுவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் இறந்தார். 1748-இல் வேதபுரீஸ்வரர் கோயிலை டூப்ளே இடிக்க வைத்ததை அந்தக் குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். அவர் அந்த ஆளுநரிடமே வேலை பார்த்தவர் என்பதை நினைத்துக்கொண்டு படிக்கணும். பிற்பாடு வேறு இடத்தில் எழுந்த கோயில் ஈஸ்வரன் கோயில் வீதியில் இருக்கிறது. பழைய கோயில் இருந்த இடம் மிஷன் வீதி மாதா கோயிலை ஒட்டியது. இரண்டையும் நடந்தே பார்த்துவிடலாம். டூப்ளே சிலையைத் தேடிப் போகிறவர்கள் இந்த நடையையும் சேர்த்துக்கொண்டால் நல்லது.

வழியில் வைசியாள் வீதியில் மாடி வீடுகளை நிமிர்ந்து பாருங்கள். கீழே திண்ணை, மரத்தூண் வைத்த தாழ்வாரம். மேலே வளைவு ஜன்னல், சுண்ணாம்புப் பூ வேலை. கீழ்த்தளம் தமிழ், மேல்தளம் பிரெஞ்சு.

சாப்பாட்டிலும் இதே கலப்புதான். ரொட்டிக் கடை எல்லோருக்கும் தெரியும். நம்ம வீட்டுத் தாளிப்பு வடகம் இருக்கிறதே, வெங்காயம், பூண்டு, வெந்தயம், கடுகு சேர்த்து வெயிலில் காயவைப்பது, அதுதான் பாண்டி வழியாகக் கடல் தாண்டி இன்று பிரெஞ்சுச் சமையலில் ‘வதுவான்’ என்ற பெயரில் மணக்கிறது. இன்னொன்று சாயோ. பிரெஞ்சு ஆட்சியில் சிப்பாயாகவும் குமாஸ்தாவாகவும் சைகோன் போன பாண்டித் தமிழர்கள் திரும்பி வரும்போது கொண்டுவந்த பொரித்த சுருள். பேகெட் தின்பதற்கு முன்னால் இதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.

ரெண்டாவது நாள் காலை வெயில் ஏறும் முன் அரிக்கமேடு. ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரை. 1945-இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலிய அரெட்டைன் மட்பாண்டங்களும், மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து மது வந்த ஆம்போரா ஜாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. பார்க்கப் பெரிதாக எதுவும் இல்லை, சில செங்கல் சுவர்கள்தான். ஆனாலும் இந்தக் கரைக்கு ஐரோப்பியச் சரக்கு வந்து இறங்கி ரெண்டாயிரம் வருஷம் ஆகிறது. மார்த்தேன் வந்தது நேற்று மாதிரி.

மத்தியானம் ஒயிட் டவுனுக்கு வந்து மஞ்சள் சுவர் முன்னால் தாராளமாகப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். குரோசானும் சாப்பிடுங்கள். பஸ் ஏறும் முன் பெரிய மார்க்கெட்டில் ஒரு பிடி வடகம் வாங்கிக்கொள்ள மறந்துடாதீங்க.